பிளேன் ஸ்டாப்பில் நிற்கும் உலங்கு

ஆனி 21, ஞாயிறு

ஊஞ்சவலசின் பெரியோர்களே! தாய்மார்களே! தறிக்கூடத்து இரைச்சலில் செவியை இழந்தும் நெஞ்சை இழக்காத தோழர்களே! நம் ஊரில் ஒரு கொடுமை நிகழவிருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

நாற்சந்தியில், கல்தூணின் மேல், மூக்கை வானுக்கு உயர்த்தி நிற்கிறதே நம் போர் வானூர்தி, அதை வெட்டி எடுத்துவிடப் பேரூராட்சி முடிவு செய்திருக்கிறது. சாலை அகலமாகுமாம். அந்த இடத்தில் உயர்கம்ப விளக்கு வருமாம். எல்லையில் பறந்து, பகையை விரட்டி, ஓய்வு பெற்று நம்மிடம் வந்து சேர்ந்த பறவையைத் தீயால் அறுத்துப் பழைய இரும்பாய் ஏற்றி அனுப்பப் போகிறார்கள்.

அலுவலகப் பலகையிலும் நாற்சந்திப் பலகையிலும் அறிவிப்பு ஒட்டியாயிற்று. 'வானூர்தி நினைவுத்தூண் அகற்றம் குறித்த கருத்துக் கேட்பு. ஆடி 11, திங்கள், முற்பகல்.' நான் விடாது போராடியதன் பயனாக இப்போதெல்லாம் அறிவிப்புகள் நல்ல தமிழில் வருகின்றன. அது ஒன்றே ஆறுதல்.

இத்தனை முழக்கத்தையும் ஏட்டில் எழுதுவானேன்? கோவை மருத்துவர் என் தொண்டைக்குள் விளக்கைச் செலுத்திப் பார்த்தார். குரல்நாணில் சிறு கட்டியாம். தீங்கற்றதுதானாம். ஆனால் ஒரு திங்கள் வாய் திறக்கக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று கட்டளையிட்டுவிட்டார். ஒலிபெருக்கி பழுதானபோதும் கடைசி வரிசை வரை கேட்ட குரல் இது. எனவே இனி இந்த ஏடே என் அவை. தாள்களே, அமைதி காப்பீர்!

காலையில் பால் வாங்கினேன். துணி உலர்த்தினேன். பேசாத ஆணுக்கு வீட்டில் வேலை மிகுதியாகவே கிடைக்கிறது.

ஆனி 23, செவ்வாய்

பேரூராட்சித் தலைவர் சென்னியப்பனைப் பார்க்கப் போனோம். நான் எழுதிக் காட்டச் சிறு பலகையும் சுண்ணக்கட்டியும்; பேசுவதற்கு என் துணைவி கலைமகள்.

கலைமகள் தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். குரலை வைத்தே ஊரில் யாரையும் அடையாளம் சொல்லிவிடுவாள். பெற்றோர் இட்ட பெயர் சரஸ்வதி. திருமணத்தன்றே நான் அதைத் தமிழாக்கினேன். அவள் மறுக்கவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில் மட்டும் இன்றளவும் சற்றுச் சுணக்கம் உண்டு. ஊரார் இன்னமும் சரசக்கா என்றே அழைக்கிறார்கள்.

"வாங்க புலவரய்யா, வாங்கக்கா," என்றார் சென்னியப்பன். "ஒடம்பு எப்படிங்க? அய்யா பேசாம ஊரே வெறிச்சுன்னு கெடக்குதுங்க."

"வெறிச்சுன்னா? நிம்மதியான்னு கேட்டுச் சொல்லு தம்பி," என்றாள் என் துணைவி.

நான் பலகையில் எழுதினேன்: 'வானூர்தியை வெட்டாதீர்.'

"அய்யா, எனக்கு மட்டும் ஆசைங்களா? பறக்காத பிளேன் இன்னிக்கு யாருக்குங்க வேணும்? எந்த ஊர்லயாச்சும் பழைய பிளேனை மதிச்சு வெச்சிருக்காங்களா? காட்டுங்க. மனு குடுங்க. கருத்துக் கேட்புக்குச் சனம் வரட்டும். அப்பறம் நான் வெட்டுனா கேளுங்க."

காட்டுகிறேன், சென்னியப்பரே! காட்டத்தான் போகிறேன்!

ஆனி 26, வெள்ளி

பெங்களூருக்கு முன்பதிவு செய்யப் பேருந்தில் சென்று திரும்பினேன். நாற்சந்தி வந்ததும் நடத்துநர், "பிளேன் ஸ்டாப்பு! பிளேன் ஸ்டாப்பெல்லாம் எறங்கு!" என்று கூவினார். அங்கே 'வானூர்தி நிறுத்தம்' என்று என் செலவில் வைத்த பலகை இருக்கிறது. அதில் பூக்கார அம்மையார் தம் பையை மாட்டி வைத்திருக்கிறார்.

இறங்கி, வெகுநேரம் அண்ணாந்து பார்த்தேன். எவ்வளவு சிறிய உருவம்! தூணிலிருந்து இறக்கி நிறுத்தினால் அதன் முதுகில் நான் கை வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் 'நேட்' என்று இதற்குப் பெயர். கடிக்கும் சிற்றீ என்று பொருள். நம் பழந்தமிழில் அதற்கு 'உலங்கு' என்றொரு சொல் இருக்கிறது. உலங்கு! தன்னினும் பெரிய பகை வானூர்திகளைத் துரத்தியடித்த சிற்றுயிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ? இனி இதன் பெயர் உலங்கு.

ஆனி 28, ஞாயிறு. பெங்களூர்

அவையோரே, கண்டேன்! வானூர்தி செய்யும் ஆலையின் அருகிலேயே, ஆண்டுக்கணக்கில் செய்தவற்றை ஒன்றுகூட்டி அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். இந்நாட்டிலேயே வரைந்து, இந்நாட்டிலேயே உருவாக்கிய முதல் தாரைப் போர் வானூர்தி (ஆங்கிலத்தில் 'ஜெட்') அங்கே நிற்கிறது. 'மருத்' என்று பெயர். பின்னோக்கி வளைந்த இறக்கைகள். நடுவில் சிறுத்த இடை. நிற்கும்போதே பறப்பதுபோல் தோன்றும் பொருளை வாழ்வில் முதன்முறையாகப் பார்த்தேன். இதை வரைந்தவர்கள் கையில் கணிப்பொறி இல்லை. எழுதுகோலும் வரைபலகையும்தான்!

"ஏனுங்க, இதென்ன இடுப்பு இத்துனூண்டு!" என்றாள் கலைமகள். "பட்டினி போட்டு வளத்தாப்புல."

நான் பலகையில் காற்றின் தடையைப் பற்றி விளக்கம் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் அவள் மூன்று வானூர்திகளைக் கடந்து போய், கன்னடப் பெண்மணி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தாள். எம்மொழியில் பேசினார்கள் என்பது இருவருக்குமே தெரியாது. ஆனால் சிரித்தார்கள்.

அங்கு வந்த எவரும் 'இது பறக்குமா?' என்று கேட்கவில்லை. ஒரு தந்தை தோளில் இருந்த மகளிடம் இறக்கையைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் இரு கைகளையும் விரித்தாள். சென்னியப்பரே, பறக்காத வானூர்தி யாருக்கு வேண்டும் என்றீரே. இதோ, இவளுக்கு வேண்டும்!

நிழற்படம் எடுத்துக்கொண்டோம். உணவகத்தில் சாம்பார் இனித்தது. அது மட்டுமே குறை.

ஆனி 31, அறிவன்கிழமை (ஊரார் வாயில் புதன்). விசாகப்பட்டினம்

தொடர்வண்டியில் உறக்கமில்லை. ஆயினும் இன்று கண்டதற்காக இன்னும் பத்து இரவுகள் விழித்திருப்பேன்.

கடற்கரைச் சாலை. ஒருபுறம் கரையேற்றிய நீர்மூழ்கி. எதிர்ப்புறம் கடற்படையின் பெரிய வானூர்தி. அதனை ஊர்தி என்பதா, பறக்கும் தெரு என்பதா! நான்கு பொறிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்குச் சுழலிகள். வயிற்றுக்குள் நடந்துபோகலாம். கடலடியில் ஒளிந்த பகையைக் காதால் தேடிய கருவிகளை உள்ளே வைத்திருக்கிறார்கள். பெருங்கடலின் மேல் விடிய விடியச் சுற்றிய வீரர்கள் உட்கார்ந்த இடங்களைக் கண்டேன். முழங்காலை மடக்கவும் இடமில்லை. அந்த ஒடுக்கத்தில் அமர்ந்தா அவ்வளவு பரந்த கடலைக் காத்தார்கள்!

அது ஓய்வு பெறும் வரை எங்கிருந்து பறந்தது தெரியுமா? காட்சியகத்தில் சொன்னார்கள்: அரக்கோணம்!

"நம்ம அரக்கோணமுங்களா!" என்று கலைமகள் கூவிய கூவலில் முன்னால் போனவர்கள் திரும்பினார்கள். "அங்க எத்தன தடவ டிரெயின் மாறியிருப்போம்! மேல பறந்துட்டு இருந்துருக்குது, நாம கீழ காப்பி குடிச்சுட்டு இருந்துருக்கறமுங்க!"

நம் மண்ணில் வாழ்ந்த பறவைக்குக் கடலோரத்தில் இத்தனை பெருமை. நான் கை தட்டினேன். கை தட்டுவதற்கு மருத்துவர் தடை விதிக்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஆட்டோ என்று ஊர் அழைக்கும் தானியின் ஓட்டுநரிடம் கலைமகள் 'விமானம்' என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னாள். நேரே கொண்டுவந்து இறக்கிவிட்டார். பிறமொழிச் சொல் இவ்வளவு விரைவாகச் செல்லுபடியாவது நல்லதன்று.

ஆடி 2, காரிக்கிழமை (ஊரார் வாயில் சனி). தஞ்சைப் பக்கம்

நெடுவாய்க்கால் என்னும் ஊரில், தொழிற்பயிலகம் ஒன்றில், பழைய பயிற்சி வானூர்தி இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தோம். பேருந்திலிருந்து இறங்கித் தேநீர்க் கடையில் வழி கேட்கச் சொன்னேன். பலகையில் நான் எழுதிக் காட்டியதைக் கலைமகள் தன் பேச்சில் கேட்டாள்:

"இங்க பழைய ஊர்தி ஒண்ணு இருக்குதாமே, வானூர்தி, எங்கீங்க?"

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். "அமரர் ஊர்தியாம்மா? ஐயய்யோ, யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டு, என் கழுத்தில் சுற்றிய துணியையும் மூடிய வாயையும் பார்த்தார். "பெரியவருக்கு நெருங்குன சொந்தமா? உக்காருங்கய்யா. டேய், ஐயாவுக்குத் தண்ணி குடு."

"யாரும் தவறலீங்கண்ணா. விமானம். பழைய விமானம்."

"அப்படிக் கேளுங்கம்மா!" அவர் முகம் மலர்ந்தது. "அதோ, ஆலமரத்துக்கு அந்தால தெரியுது பாருங்க. சோழர் காலத்து விமானம். இப்பதான் குடமுழுக்கு ஆச்சு."

வெயிலில் நடந்தோம். கோயில் கருவறையின் மேல் நிற்கும் விமானத்தைப் பார்த்தோம். அழகுதான். கடவுளோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. கல் அடுக்கியவர்களோடு உண்டு. ஆனால் அதற்கு இறக்கை இல்லை.

திரும்பி வந்ததும், என்னைக் கேளாமலே, அவள் கேட்டாள்: "அண்ணா, ஏரோபிளேன். பிளேன்."

"அட, பிளேனா! அதை மொதல்லயே சொல்லக்கூடாதா? பயிலகத்துக்குள்ள நிக்குதும்மா. நேரா போயி இடதுகைப் பக்கம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் பலகையை எடுக்கவில்லை.

பயிலகத்தில் அதைப் பார்த்தபோது நடந்த களைப்பெல்லாம் போயிற்று. வேம்பின் அடியில், மஞ்சள் பூச்சோடு, ஒருவர் பின் ஒருவராய் இருவர் அமரும் சிறு வானூர்தி. சக்கரத்துக்குக் காற்று அடைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் ஒரு தூசி இல்லை. அமலோற்பவம் என்னும் ஆசிரியை சுற்றிக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பிள்ளைங்க கழுவிடுவாங்க சார். ஆயுத பூஜைக்கு மூக்குல சந்தனம் வெப்போம். நான் கிறிஸ்டியன்தான், ஆனா நான்தான் வெப்பேன். வேற யாரும் சரியா வெக்க மாட்டாங்க."

மூக்கில், வாரந்தோறும் கழுவியும் போகாத சென்ற ஆண்டின் சாந்துக் கறை இருந்தது. என் கொள்கைக்கு அது ஒவ்வாதுதான். ஆனாலும், அவையோரே, வழிபாடு என்று நான் அதைத் தள்ளவில்லை. நன்றி என்று கொண்டேன்.

ஆடி 4, திங்கள்

முறையீட்டை எழுதி, நிழற்படங்களை இணைத்து, நேரில் கொடுத்தாயிற்று. நான்கு பக்கம். 'உலங்கு என்னும் நம் வானூர்தியைக் காத்தல் கடமை' என்று தொடங்கி, 'உலங்கு வாழ்க' என்று முடித்தேன். இதுவரை நான் எழுதியவற்றுள் இதுவே தலைசிறந்தது என்பதைத் தற்பெருமையின்றிச் சொல்வேன்.

கொடுக்குமுன் கலைமகள் படித்தாள். "உலங்குன்னா என்னங்க?"

பொருளை எழுதிக் காட்டினேன்.

"கொசு மாதிரி ஒண்ணுங்களா? அப்பக் கொசுன்னே எழுதிருங்க. எல்லாருக்கும் வெளங்கும்."

சுண்ணக்கட்டி தீர்ந்துவிட்டதாகக் கை காட்டினேன்.

ஆடி 6, அறிவன்கிழமை

பேரூராட்சிச் செயல் அலுவலரிடமிருந்து மறுமொழி வந்தது. முழுவதையும் இங்கே பதிகிறேன்:

'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. இப்பேரூராட்சி எல்லைக்குள் உலங்கு வானூர்தி எதுவும் இல்லை. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது.'

உலங்கு வானூர்தி! தலைக்கு மேல் சுழலி சுற்ற, நின்ற இடத்திலிருந்தே எழும்புமே, அதற்குத் தமிழில் வழங்கும் பெயர் அது. நான் எழுதியது 'உலங்கு என்னும் வானூர்தி'. 'என்னும்' என்னும் சொல்லை விழுங்கிய அந்த எழுத்தரை என்னென்பது! ஒரு சொல்லை விழுங்கினால் ஒரு பொருளே மாறும் என்று தொண்டை கிழியப் பேசியவன் நான். பிழை அவர்களுடையது. ஐயமில்லை.

கலைமகள் சென்னியப்பனோடு தொலைபேசியில் பேசினாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, செயல் அலுவலர் தமிழ் எம்.ஏ. படிச்சவருங்க. அகராதியப் பாத்துட்டு, 'ஏனுங்க தலைவரே, நம்மூர்ல ஹெலிகாப்டர் இருக்குதுங்களா'ன்னு கேட்டாரு. நானும் மொட்டமாடில ஏறிப் பாத்துட்டேன். இல்லீங்கக்கா."

அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கொல்லைக்குப் போய் நீர்த்தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அது முன்பே தூய்மையாகத்தான் இருந்தது.

ஆடி 9, காரிக்கிழமை

கருத்துக் கேட்பு திங்களன்று. ஊர் திரண்டால்தான் வானூர்தி பிழைக்கும். அய்யாவுவின் தானியில் ஒலிபெருக்கி கட்டினோம். நான் எழுதிக் கொடுத்தேன், கலைமகள் படித்தாள். 'விண்ணளந்த வீரத்தின் எச்சத்தை, வெற்றித் திருமகனாம் வானூர்தியைக் காக்க அணிதிரள்வீர்!'

தெருத் தெருவாகப் போனோம். தறியோசை நிற்கவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. மாகாளியம்மன் கோயில் தெருவில் ஒருவர் சன்னலைத் திறந்தார்.

"சரசக்கா! ஆரோ தவறிட்டாங்களா? இல்ல, அமரர் ஊர்தி புதுசா உட்றாங்களா?"

"ஆரும் தவறலடா பழனியாண்டி. போய்ப் படு."

அய்யாவு ஓட்டிக்கொண்டே கேட்டார்: "அய்யா தப்பா நெனைக்காதீங்க. நாம எதுக்கு இப்ப சுத்தறமுன்னு எனக்கே தெரியலீங்களே. எச்சம்னாங்களே, காக்கா எச்சமுங்களா?"

ஆடி 10, ஞாயிறு

கலைமகள் இன்று பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன். பின்னால் மறுப்பதற்கு உதவும்.

"அறிவிப்பு ஒட்டி மூணு வாரமாச்சுங்க. பூக்காரி தெனமும் அந்தப் பலகைக்குப் பக்கத்துலதான் உக்காந்துருக்குது. அதுகிட்டக் கேட்டேன், பிளேனை வெட்டப் போறாங்க தெரியுமான்னு. 'அய்யோ சாமி, எந்தப் பாவி சொன்னது'ன்னு நெஞ்சுல அடிச்சுக்குது. தெரியவே தெரியாதுங்க. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க எழுதறதை இனி நான் படிக்க மாட்டேன். எனக்கே கேக்கற மாதிரி இல்லீங்க, பொறவு ஊருக்கு எங்க கேக்கும்?"

பலகையில் விடை எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன்.

இரவு உணவு: தோசை.

ஆடி 11, திங்கள்

நாற்சந்தியிலேயே, கல்தூணின் அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடியும்போதே பாரந்தூக்கி வந்துவிட்டது. இரும்பைத் தீயால் அறுக்க வளி உருளைகளை இறக்கினார்கள். ஒருவர் தூணில் ஏணி சாத்தி ஏறி, உலங்கின் வயிற்றைச் சங்கிலியால் சுற்றினார். பேரூராட்சிக் கூடத்தில் கருத்துச் சொல்ல வந்திருந்தவர்கள் நாங்கள் இருவரும், மழைக்கு ஒதுங்கிய ஒருவரும். சென்னியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, நான் என்னங்க பண்ணட்டும்?"

அவள் எழுந்தாள். வெளியே வந்து, அய்யாவுவின் தானியில் ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்தாள். கையில் தாள் இல்லை.

"நான் சரசு பேசறனுங்க. எக்ஸ்சேஞ்சு சரசு. பிளேன் ஸ்டாப்புல பிளேனை வெட்டறாங்கோ. இப்ப, இந்த நிமிசம் வெட்டறாங்கோ. எங்கூட்டுக்காரரும் நானும் ஊர் ஊராப் போய்ப் பாத்துட்டு வந்தமுங்க. விசாகப்பட்டணத்துல கடலோரமா வெச்சுக் கும்புடாத கொறதான். தஞ்சாவூர்ப் பக்கம் வாராவாரம் குளிக்க வெக்கறாங்கோ. நம்மளுது சண்டைக்குப் போய்ட்டு வந்ததுங்க. இத்துனூண்டு இருந்துட்டு மலையாட்டம் இருந்ததையெல்லாம் தொரத்துனது. நாளைக்கு அதும் இல்லீன்னா கண்டக்டர் என்னன்னு கூப்புடுவான்? லைட்டுக் கம்பம்னா நீங்க எறங்குவீங்களா? பழனியாண்டி, படுத்தது போதும் எந்திரி! ராக்கம்மா, தறியை நிறுத்து! எல்லாரும் வாங்க!"

தறியோசை நின்றது. முதலில் ஒரு தெருவில். பிறகு அடுத்த தெருவில். நின்ற அந்த அமைதியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஈரத் தலையோடு வந்தார்கள். நூல் ஒட்டிய கையோடு வந்தார்கள். பூக்கார அம்மையார் ஏணியின் கீழ்ப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். மேலே இருந்தவர், "அம்மா, நான் எறங்கோணுமே," என்றார். "சங்கிலியக் கழட்டிப் போட்டு எறங்கு," என்றார் இவர். சந்தியின் நான்கு புறமும் தலைகள். பேருந்து நடுவில் மாட்டிக்கொண்டது. நடத்துநர் படியில் நின்று, வழக்கம்போல், "பிளேன் ஸ்டாப்பு!" என்று கூவினார். ஊரே கைதட்டிற்று.

சென்னியப்பன் என்னிடம் வந்தார். வியர்த்திருந்தார்; ஆனால் சிரிப்பை அடக்குவதும் தெரிந்தது. "சரிங்கய்யா, சனம் வந்துருச்சு. ஆனா மனு வேணுமில்லீங்க? பழசு முடிச்சு வெச்சாச்சு. புதுசா ஒண்ணு எழுதுங்க. இங்கயே, இப்பவே. படிச்சா எல்லாருக்கும் வெளங்கறாப்புல எழுதுங்கய்யா. இவங்க கையெழுத்துப் போடட்டும். வண்டிய நான் அனுப்பறேன்."

தாளை முழங்காலில் வைத்து, 'வா' என்று முதல் எழுத்தை இட்டேன். தலை நிமிர்ந்து பார்த்தேன். உலங்கு மேலே இருந்தது. இறக்கையில் மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் சங்கிலி. அந்த எழுத்தை அடித்தேன்.

அதன் இடத்தில் நான் எழுதிய முதற்சொற்கள் தமிழல்ல என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. எழுதி முடித்ததும் உரக்கப் படிக்க ஆள் வேண்டியிருந்தது. அவள் கூட்டத்தின் அக்கரையில், முதுகைக் காட்டி நின்றாள். பலகையை ஆட்டினேன். பார்க்கவில்லை.

"சரசு," என்றேன்.

வெறும் காற்றாகத்தான் வந்தது. மருத்துவர் பொறுத்தருள்க. அத்தனை இரைச்சலிலும் உடனே திரும்பினாள். சுணக்கமே இல்லை.

தாளைக் கொடுத்தேன். அவள் ஒருமுறை தனக்குள் படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியில் படித்தாள். படித்தது இது, இப்போது கையெழுத்துக்காக ஊர் முழுவதும் கைமாறிக்கொண்டிருப்பதும் இதுவே:

'பிளேன் ஸ்டாப்பில் நிற்கும் பிளேன் எங்களுடையது. அதை வெட்டக் கூடாது. எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. சங்கிலியை அவிழுங்கள். வெட்ட வந்த வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். நாளைக்கு அல்ல. இப்போதே.'